நம்ம வீட்டு நாய் படத்திலும் நம்ம வீட்டு நாயாக இருக்க

நான் முதன்முதலில் ஒழுங்காகப் படமெடுக்க முயன்ற நாய், புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு மணி. செவலை நிறத்தில் ஒரு நாட்டு நாய், ஒரு காது நிற்கும், இன்னொன்று எப்போதும் மடிந்தே இருக்கும். அதைக் குளிப்பாட்டி, கழுத்தில் சிவப்புத் துணி கட்டி, கடற்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், சுற்றுலா வருகிறவர்கள் எல்லாரும் நின்று செல்ஃபி எடுக்கும் மஞ்சள் சுவர் ஒன்றின் முன்னால் உட்கார வைத்து, பிஸ்கட்டைக் காட்டி இரண்டு காதையும் தூக்க வைத்து எடுத்தேன். வாட்ஸ்அப்பில் போட்டதும் இதயம் இதயமாக வந்தது. மணியை வளர்த்த ஆயாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது யாரு ஊட்டு நாயிப்பா?" என்றார்.

ரொம்ப நாள் குடைந்தது அந்தக் கேள்வி. மடிந்த காதை நான்தான் தூக்க வைத்திருந்தேன், உடம்பில் எப்போதும் ஒட்டியிருக்கும் புழுதியை நான்தான் கழுவிவிட்டேன், அது வாழ்நாளில் போகாத தெருவில் கொண்டுபோய் நிறுத்தியதும் நான்தான். இப்படி மணியிடம் மணியாக இருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு, காலண்டர் நாய் ஒன்றை எடுத்து வந்திருக்கிறேன். அதற்கப்புறம் புதுச்சேரியிலும் கடலூரிலும் தெரிந்தவர் வீட்டு நாய்களை எடுத்து, சொதப்பிச் சொதப்பிக் கற்றதை இப்போதுதான் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். கேமரா இருந்தால் நல்லது, மொபைல் மட்டும்தான் என்றாலும் முக்கால்வாசி அப்படியே பொருந்தும்.

முதலில் சோறு வைப்பவரிடம் பேசுங்கள்

வாங்கி வந்தவர், பெயர் வைத்தவர், இன்ஸ்டாகிராமில் போடுகிறவர் எல்லாம் அப்புறம். தினமும் சோறு வைக்கிற ஆளுக்குத்தான் நாயைத் தெரியும். ஆனால் அவரிடம் போய் "உங்க நாய் எப்படி?" என்று கேட்டால் "ரொம்ப நல்ல நாய் தம்பி" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். குறிப்பாகக் கேளுங்கள்: பகலில் எங்கே படுக்கும், யார் வண்டிச் சத்தத்துக்கு மட்டும் எழுந்து ஓடும், எதற்குப் பயம், தெருவில் யாரைக் கண்டால் ஆகாது, இதுவரை எதையெல்லாம் திருடித் தின்றிருக்கிறது. திருட்டைப் பற்றிக் கேட்டால் போதும், அரை மணி நேரம் நிறுத்த மாட்டார்கள்.

மணியைப் பற்றி ஆயா சொன்னது இவ்வளவு: மீன்காரம்மா தெருமுனையில் குரல் கொடுக்குமுன்பே கேட்டருகே போய் நின்றுவிடும், மழைத்தண்ணீரில் காலை வைக்காது, அப்புறம் ஆயா திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தால் முறத்தின் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு படுத்திருக்கும். கீரை தின்னாது, சும்மா வைத்திருக்கும். இந்த மூன்றாவதைக் கேட்டதும் எனக்கு என்ன படம் எடுக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. எத்தனை ஆயிரம் ரூபாய் லென்ஸ் வாங்கினாலும் அந்த முறம் அதில் கிடைக்காது.

நம் ஆட்கள் சுமார் ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்பே இதைச் செய்திருக்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமைகளுக்காக நடந்த சண்டையில் இறந்த வீரன் ஒருவனுக்கு நட்ட கல், அவன் பக்கத்திலேயே அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்லில் எழுதியிருக்கிறது. நாயின் பெயர், அது செய்த காரியம், அதனுடைய ஆள், மூன்றும் ஒரே கல்லில் வந்துவிட்டன. படமெடுக்கப் போகுமுன் இந்த மூன்றையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். மூன்றாவது இடம் காலியாக இருந்தால் இன்னும் ஒரு நாள் கழித்துப் போவது.

முதல் நாள் படம் எடுக்காதீர்கள்

கேமராவைக் கொண்டுபோங்கள், ஆனால் எடுக்க வேண்டாம். தரையில் உட்காருங்கள், நாயை நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து வீட்டுக்காரர்களோடு பேசிக்கொண்டிருங்கள். கேமராவைப் பக்கத்தில் வைத்துவிட்டால் அதுவாக வந்து மோந்து பார்க்கும், பட்டையை ஒரு கடி கடித்தும் பார்க்கும், பரவாயில்லை. நாயுலகத்தில் முறைத்துப் பார்ப்பது சண்டைக்கு இழுப்பது. முகத்துக்கு முன்னால் பெரிய கருப்புக் கண் மாதிரி லென்ஸை நீட்டிக்கொண்டு ஓர் அந்நியன் மண்டியிட்டால் அது என்ன நினைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கிளம்புமுன் மடியில் வைத்தபடியே ஏழெட்டுத் தடவை க்ளிக் செய்துவிட்டு வாருங்கள், சத்தம் பழகட்டும்.

நாய் சங்கடப்படுகிறதா என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடும், தின்ன எதுவும் இல்லாமலே மூக்கை நக்கிக்கொள்ளும், தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணை மட்டும் நம் பக்கம் உருட்டும்போது விழியோரம் வெள்ளை பிறை மாதிரி தெரியும், காதைப் பின்னால் ஒட்டவைத்துக்கொள்ளும். இதில் எதைப் பார்த்தாலும் கேமராவைக் கீழே வையுங்கள். இணையத்தில் "எவ்வளவு க்யூட்டா முழிக்குது பாரு" என்று சுற்றுகிற படங்களில் பாதி, பயந்துபோன நாயின் படங்கள்.

நேரமும் வெளிச்சமும்

நம் பக்கம் கடல் கிழக்கே இருக்கிறது, சூரியன் தண்ணீரிலிருந்து எழுகிறது. மே மாதம் 5.45 வாக்கில், ஜனவரியில் 6.30 வாக்கில். அதிலிருந்து ஒரு மணி நேரம்தான் நல்ல வெளிச்சம், அப்புறம் வெயில் சுள்ளென்று அடிக்க ஆரம்பித்துவிடும், நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கும், கண்ணைச் சுருக்கும். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது, இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். தார்ச்சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதத்தையும் அங்கே வைக்கக் கூடாது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காலை 7.30 வரை வண்டி விடமாட்டார்கள், நாயை வைத்து எடுக்க நினைப்பவர்களுக்கு அந்த நேரம்தான் கொடுப்பினை.

ஆனால் உண்மையைச் சொன்னால் கடற்கரையைவிடத் திண்ணை மேல். புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதித் தெருக்களில், வைசியாள் வீதி மாதிரி இடங்களில், இன்னும் தாழ்வாரமும் திண்ணையும் வைத்த வீடுகள் இருக்கின்றன. மேலே ஓடு வெயிலைத் தடுக்கும், எதிர்ச்சுவரில் பட்ட வெயில் மெதுவாகத் திரும்பி வந்து முகத்தில் விழும். ஸ்டுடியோக்காரர்கள் குடையும் வெள்ளைத் துணியும் கட்டிக் கொண்டுவரப் பார்க்கிற வெளிச்சம் நம் திண்ணையில் சும்மா கிடக்கிறது, நாயும் ஏற்கெனவே அங்கேதான் படுத்திருக்கிறது. வடக்கு தெற்காக ஓடும் தெரு என்றால் காலையில் கிழக்கு வரிசைத் திண்ணைகளிலும், மாலையில் மேற்கு வரிசைத் திண்ணைகளிலும் உட்காருங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு வாசற்கதவைத் திறந்துவைத்து, வெளிச்சம் உள்ளே விழுகிற இடத்துக்கு ஓரடி உள்ளே தள்ளி நாய் படுத்திருந்தாலே போதும்.

மஞ்சள் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை, எனக்கு அதன்மேல் கொஞ்சம் கோபம் உண்டு. செவலை நாய் அதில் கரைந்துவிடும். ராஜபாளையம் மாதிரி வெள்ளை நாயை அதன் பக்கத்தில் நிறுத்தினால் சுவரின் நிறம் ரோமத்தில் ஏறி, மஞ்சள் பூசிக் குளிப்பாட்டிய மாதிரி ஆகிவிடும். அந்த நாய் அந்தத் தெருவிலேயே வாழ்கிறது என்றால் தாராளமாக எடுங்கள்.

மழைக்காலத்தை வீணாக்காதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் மூட்டம் போட்ட பகலில் நாள் முழுக்க எடுக்கலாம், நிழலே விழாது. மணி தேங்கிய தண்ணீரைப் பார்த்து ஒரு காலை மட்டும் தூக்கிக்கொண்டு, தாண்டலாமா வேண்டாமா என்று நின்றதை அப்படி ஒரு மத்தியானத்தில்தான் எடுத்தேன்.

உயரம், தூரம், எண்கள்

நின்றபடி மேலிருந்து எடுக்காதீர்கள். நம் எல்லார் மொபைலிலும் இருக்கும் நாய்ப்படங்கள் அப்படித்தான் இருக்கின்றன, பெரிய தலையும் குட்டிக் காலுமாக. லென்ஸ் நாயின் கண் உயரத்துக்கு வர வேண்டும், அதாவது நீங்கள் குப்புறப் படுக்க வேண்டும். பழைய லுங்கியோ அழுக்கானால் கவலைப்படாத சட்டையோ போட்டுப் போங்கள். அந்த உயரத்திலிருந்து பார்த்தால்தான் நாயின் உலகம் தெரியும், கட்டில் அடி, செருப்பு வரிசை, அடுக்களை நிலைப்படி, சோறு வைக்கும் ஈயத்தட்டு எல்லாம்.

மொபைல் என்றால் பக்கத்தில் போய் நீட்டாதீர்கள், மூக்கு பூசணிக்காய் மாதிரி வந்து கண் சிறுத்துவிடும். இரண்டடி பின்னால் போய் 2 எக்ஸ் ஜூம் போடுங்கள். போர்ட்ரெய்ட் மோடை நான் நாய்க்குப் பயன்படுத்துவதே இல்லை, காதோர முடியையும் மீசையையும் கத்தரித்துவிட்டுப் பின்னணியை மங்கலாக்கிவிடும். பர்ஸ்டில், அதாவது பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் தொடர்ச்சியாக எடுக்கும் முறையில், வைத்துப் பத்துப் பதினைந்தாக எடுங்கள், ஒன்று தேறும்.

கேமரா என்றால் ஷட்டர் வேகத்தை, அதாவது ஷட்டர் திறந்து மூடும் நேரத்தை, 1/500 விநாடியைவிட மெதுவாக்க வேண்டாம். சும்மா உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரியும், ஆனால் இரைப்பில் தலை ஆடிக்கொண்டே இருக்கும். ஓடும் நாய்க்கு 1/1600. வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓ, அதாவது கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு, 1600, 3200 என்று ஏறினால் ஏறட்டும், அதனால் படத்தில் வரும் புள்ளிகளைப் பிறகு மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம், ஆடிப்போன கண்ணை எதுவும் செய்ய முடியாது. புதிதாக 50 எம்எம் லென்ஸ் வாங்கியவர்கள் எல்லாரும் செய்வது, லென்ஸின் துளையை முழுக்கத் திறந்து எஃப் 1.8-ல் வைத்து எடுப்பது. நானும் செய்தேன். ஒரு மீட்டர் தூரத்தில் அப்படி எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் மூன்று நாலு சென்டிமீட்டர்தான், நாயின் முகமோ நீளம். சிப்பிப்பாறை, கன்னி மாதிரிக் கூர்மூஞ்சி நாய் என்றால் மூக்கு தெளிவாகி கண் போய்விடும், கண் தெளிவாகி மூக்கு போய்விடும். துளையைச் சின்னதாக்கி எஃப் 4 அல்லது 5.6 வையுங்கள், ஃபோகஸ் கண்ணில், நமக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணில். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். நாயின் கண்ணுக்குள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருக்கிறது, பச்சையாகப் பளபளத்துப் பேய் மாதிரி வரும்.

கருப்பு நாய் தனிக் கதை. கடலூர் தேவனாம்பட்டினத்தில் மீனவர் ஒருவர் வீட்டுக் கருப்பன், கரையில் குவித்திருக்கும் வலைமேல்தான் தூங்கும். சில்வர் பீச் பக்கத்திலிருந்து நடந்து போய், காலை வெளிச்சத்தில் சூரியனை நாய்க்குப் பின்னால் வைத்து, ஆசையாக எடுத்தேன். படத்தில் வானம் அருமையாக இருந்தது, வலையும் தெரிந்தது, நடுவில் நாய் வடிவத்தில் ஓட்டை ஒன்று. மறுநாள் நான் தண்ணீர்ப் பக்கம் போய் உட்கார்ந்தேன், கருப்பன் கடலைப் பார்த்தபடி எழுந்தான், வெளிச்சம் முகத்தில் விழுந்தது, கண்ணில் ஒரு புள்ளி சூரியன். ரோமம் கருப்பு இல்லை, அங்கங்கே காப்பிக்கொட்டை நிறம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். சட்டகம் முழுக்கக் கருப்பு நாய் நிறைந்தால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், படத்தின் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) கொஞ்சம் குறைக்க வேண்டும். வெள்ளை நாய் என்றால் நேர்மாறாக, கொஞ்சம் கூட்ட வேண்டும். நாயைச் சுற்றி வெளிச்சமான மணலும் வானமும் இருந்தால் இந்தக் கணக்கு மாறிவிடும், ஆகவே ஒன்று எடுத்துத் திரையில் பார்த்துவிட்டுத் தொடருங்கள். மொபைலில் நாயின் முகத்தை விரலால் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலேயோ கீழேயோ இழுத்தால் சரி.

கடற்கரைக்குப் போனால் லென்ஸை அங்கே கழற்றாதீர்கள். மணல் விழுந்தால் துணியால் தேய்க்காமல் ஊதித் தள்ளுங்கள், தேய்த்தால் கீறல். வீட்டுக்கு வந்ததும் லேசாக ஈரப்படுத்திய துணியால் கேமராவின் வெளிப்பக்கத்து உப்பைத் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒரு துடை. ஏசி அறையிலிருந்து நேராக வெளியே கொண்டுபோனால் லென்ஸ் வேர்த்துவிடும், பையை மூடியபடியே அரை மணி நேரம் வாசலில் வைத்துவிட்டு அப்புறம் எடுங்கள்.

எப்படி நம்மைப் பார்க்க வைப்பது

எல்லாரும் சொல்லிக்கொடுப்பது, விசில் அடி, பூனை மாதிரிக் கத்து, பிஸ்கட் பாக்கெட்டைச் சரசரக்க வை என்பது. இரண்டு தடவை வேலை செய்யும், மூன்றாவது தடவை நம்மைப் பைத்தியம் என்று முடிவு கட்டிவிடும். அதோடு, அப்படி வாங்குகிற முகம் எல்லா நாய்க்கும் ஒரே முகம், தலையைச் சாய்த்துக் காதை நீட்டிய ஆச்சரிய முகம். எனக்கு அது வேண்டாம். அந்த நாய்க்கு மட்டும் அர்த்தமாகிற சத்தத்தைக் காத்திருந்து பிடியுங்கள். வீட்டுக்காரர் எக்ஸ்எல் வண்டி தெருமுனையில் திரும்பும் சத்தம், பால்காரர் மணி, ஸ்கூல் வேன் கதவு. வேனுக்கு ஐந்து நிமிடம் முன்பே போய் வாசலில் படுத்துவிடுங்கள், ஃபோகஸ் நாயின்மேல். வேன் வரும், நாய் மாறும். அந்த இரண்டு விநாடி முகத்தைப் பிஸ்கட் கொடுத்து வாங்க முடியாது.

பந்து போட்டு விளையாட வைப்பதாக இருந்தால் நீலமோ மஞ்சளோ வாங்குங்கள். நாய்க்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, புல்லில் கிடக்கும் சிவப்புப் பந்தைத் தேடிக்கொண்டே இருக்கும். டீக்கடைப் பொறை நல்ல லஞ்சம், ஆனால் படம் எடுத்து முடித்த பிறகு கொடுங்கள். முன்னால் கொடுத்தால் வாயெல்லாம் தூளாக ஒட்டி, நக்கி நக்கியே நேரம் போய்விடும். சாக்லேட், திராட்சை கூடவே கூடாது, இரண்டும் நாய்க்கு விஷம்.

ஆட்கள் படத்தில் இருக்கட்டும்

"நான் நல்லா இல்ல தம்பி, நாய மட்டும் எடு" என்பார்கள். முகத்தை விட்டுவிடுங்கள், கையை எடுங்கள். கீரை ஆயும் கை, காதுக்குப் பின்னால் சொறியும் விரல், சங்கிலியைப் பிடித்த பையனின் குட்டிக் கை. மணியின் இரண்டாவது படம் அப்படித்தான் வந்தது, முறம், அதன் விளிம்பில் செவலைத் தாடை, மேலே ஆயாவின் வளையல் கை. காது மடிந்தேதான் இருந்தது.

கழுத்தில் திருஷ்டிக்குக் கட்டிய கருப்புக் கயிறு, சோழி எதையும் கழற்றச் சொல்லாதீர்கள். வயதான நாயின் நரைத்த மூஞ்சியையும் மங்கின கண்ணையும் மென்பொருளில் சரி செய்ய வேண்டாம். தெருநாய் சிலவற்றுக்குக் காது நுனியில் சின்ன வெட்டு இருக்கும். கருத்தடை செய்து தடுப்பூசி போட்டதன் அடையாளம் அது, அதையும் அழிக்காதீர்கள்.

தெருநாயை எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. குட்டி போட்ட தாய், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நாய், தூங்கும் நாய், இந்த மூன்றுக்கும் பக்கத்தில் போய்ப் படுக்காதீர்கள், தூரத்திலிருந்து எடுங்கள். மீறிக் கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். சின்னக் கீறல்தானே என்று விட்டுவிடுகிற விஷயம் இல்லை அது.

பொறுக்குவதும் பிரின்ட் போடுவதும்

ஒரு காலையில் இருநூறு படம் சேர்ந்துவிடும். நீங்களாகப் பொறுக்காதீர்கள், உங்களுக்கு வெளிச்சம் நன்றாக விழுந்ததுதான் பிடிக்கும். மங்கலானதையும் கண் மூடியதையும் தள்ளிவிட்டு இருபதைச் சோறு வைப்பவரிடம் காட்டுங்கள். ஏதாவது ஒன்றில் அவர் சிரிப்பார், இல்லையென்றால் "இந்தக் கழுத எப்பவும் இப்படித்தான்" என்று திட்டுவார். அதைப் பிரின்ட் போடுங்கள், ஓரத்தில் வாளி தெரிந்தாலும் சரி.

மேட் தாளில் போடச் சொல்லுங்கள். பளபளத் தாள் நம் ஊர் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தால் படம் பிய்ந்துவிடும். எந்தத் தாளானாலும், கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் அட்டை வைத்துக் கட்டித்தரும்படி ஃபிரேம் கடையில் கேளுங்கள். கட்டக் கொடுப்பதற்கு முன் பின்பக்கத்தில் நாயின் பெயர், தெரு, தேதி, கையின் சொந்தக்காரர் பெயர் எல்லாம் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.